தூர் வாராத கேணி

சோதனைக் குழாயில் தண்ணீர் இன்றைக்கும் பச்சையாகத்தான் மாறியது. குஞ்சிதபாதத்துக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில், நாலாபுறமும் வயல் சூழ்ந்த வீட்டுக் கூடத்தில் கடலைக் கொண்டுவந்து வைப்பேன் என்று குவைத்திலிருந்து திரும்பியவன் அவன். மகள் மங்களா வரி போட்ட கடல்மீன் கேட்டிருந்தாள். கண்ணாடித் தொட்டி, பாறைக் கல், கடலுப்பு எல்லாம் வந்தாயிற்று. ஆனால் தண்ணீர் பக்குவப்படாமல் மீன் விட முடியாது. ஓர் இறாலைப் போட்டு அழுகவிட்டால் அமோனியா என்கிற விஷம் ஏறும். அப்புறம் கல்லில் நுண்ணுயிர் பெருகி அதைத் தின்று தீர்க்கும். மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக நிற்க வேண்டும். பச்சை என்றால் உள்ளே இன்னும் ஏதோ அழுகுகிறது.

இறால் ஓடுகூட மிச்சமில்லாமல் கரைந்துவிட்டது. அப்புறம் எந்தச் சனியன் அழுகுகிறது?

தஞ்சாவூர் மீன்கடை மீரா உசேனுக்குப் போன் போட்டுக் கத்தினான்.

"ஆர்.ஓ. தண்ணிதானே சார் ஊத்துனீங்க?"

"எங்க கேணித் தண்ணி. காவேரி ஊத்துத் தண்ணிங்க அது! பரம்பரையா குடிக்கிறோம், அதுக்கு என்ன கொறச்சல்?"

"அப்பக் கேணியயும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க."

திமிரைப் பார் என்று போனை வைத்தான். ஆனாலும் கால் கொல்லைப் பக்கம் போயிற்று. சாயங்கால வெயில் வாழைத்தோப்பில் இறங்கிக்கொண்டிருக்க, ராட்டினம் கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு வாளியை மேலே இழுத்துவர, இத்தனை வருஷம் அவன் மூக்கில் குளிர்ச்சி என்றே பதிந்திருந்த அந்த மணம் இன்றைக்கு முதல்முறையாகச் சேற்று நாற்றமாக அடித்தது. சொட்டு விட்டான். தொட்டித் தண்ணீரைவிடக் கரும்பச்சை.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பா அமிர்தலிங்கத்தின் முன்னால் போய் நின்றான்.

"நாளைக்கே ஆள விட்டுக் கேணியத் தூர் வாரப்போறேன்."

"வாராத."

கோடை வந்தால் அந்தப் பக்கத்தில் தூர் வாராத கேணி கிடையாது. இந்த வீட்டுக் கேணியில் மட்டும் ஆள் இறங்கி அவன் பார்த்ததேயில்லை. ஏன் என்று கேட்கவும் தோன்றியதில்லை.

"ஏன் வாரக் கூடாது? அதுக்குள்ள என்னப்பா கெடக்கு?"

கிழவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "மருதையன்."

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, மிஞ்சிய நிலத்தைப் பண்ணையாள் மருதையன் பெயரில் எழுதி ஒளித்துவைத்த கதை குஞ்சிதபாதத்துக்குத் தெரியும். மிராசுதார்கள் பல பேர் செய்ததுதான். ஒருநாள் மருதையன் வரப்பில் நின்று, "பேரு என்னுது, அப்ப நெலமும் என்னுதுதானுங்களே?" என்று கேட்டுவிட்டான். அதோடு ஆளைக் காணோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டான் என்று வீட்டில் சொன்னார்கள். அவன் பெண்டாட்டி ராமாயி சாகும்வரை கப்பல் வருமென்று இருந்தாள்.

"அந்தத் தண்ணியவா எங்களுக்குக் குடுத்தீங்க? மங்களா பச்சக்கொழந்தயிலேர்ந்து அதத்தானே குடிக்கிறா!"

கவனியுங்கள், கோபம் தண்ணீருக்காகத்தான் வந்தது. மருதையனுக்காக வரவில்லை.

"அந்த நெலத்த வித்துத்தான்டா ஒன்னக் குவைத்துக்கு அனுப்புனேன்" என்றார் கிழவர்.

"அது நடந்து எவ்வளவு காலமாச்சு! இன்னுமா அழுகும்?"

"அவன் கோவக்காரன்."

குஞ்சிதபாதம் போலீசுக்குப் போகவில்லை. ராமாயியின் பிள்ளைகளைத் தேடவில்லை. கேணிக்குப் பலகை அடித்தான். தொட்டியைக் காலி செய்து, கல்லைத் தேய்த்துக் கழுவி, கேன் தண்ணீரில் புது உப்பைக் கரைத்து ஊற்றினான். மகளுக்கும் இனிக் கேன் தண்ணீர்தான். தீர்ந்தது பீடை.

மறுநாள் மதியம் சொட்டு விட்டான். மஞ்சள். எலுமிச்சை மஞ்சள். இத்தனை நாளில் முதல்முறை அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மங்களா! ஓடியா, தண்ணி சரியாயிடுச்சு!"

ஓடிவந்தாள். அவன் கையிலிருந்த குழாய்மேல் குனிந்தாள்.

"எங்கப்பா?"

மூச்சுக்காற்று குழாயின் வாயில் பட்டது. மஞ்சள் கலங்கியது. மேலிருந்து பச்சை இறங்கியது. கரும்பச்சை.

நாற்றம் வந்தது. தொட்டியிலிருந்து இல்லை.

குழாய் விழுந்து உடைந்தது.

"வாயத் தொறம்மா."

டாக்டரிடம் காட்டுவதுபோல் சமர்த்தாகத் திறந்தாள். சின்னச் சின்னப் பால்பல். அதற்குப் பின்னால் நாக்கு இல்லை. தொண்டை இல்லை. சேறு. கறுத்த, ஈரமான கேணிச் சேறு.

"மீன் எப்பப்பா விடலாம்?" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் சேற்றில் ஒரு குமிழி எழும்பி உடைந்தது.