உலைச் செங்கல்

ஏற வேண்டிய எண் இறங்கியிருந்தது. பதினொன்று.

இயந்திரத்தைத் துடைத்துவிட்டு, அதே குழாயிலிருந்து இன்னொரு துளி எடுத்து வைத்தாள். மறுபடியும் பதினொன்று.

பேட்டரி ஆலையின் மருத்துவ அறையில் பத்து வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஈயத்தோடு புழங்குகிறவர்களின் இரத்தத்தை நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, அதிலுள்ள ஒரு நொதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பாள். ஈயம் உள்ளே போகப்போக நொதி முடங்கும், எண் குறையும். ஐம்பது என்றால் நிம்மதி. இருபதுக்குக் கீழே போனால் ஆளை ஈயம் உருக்கும் உலையை விட்டு விலக்க வேண்டும். "கொசுவுக்குப் பெரியம்மா வந்துட்டாங்கடா" என்று தொழிலாளர்கள் கிண்டல் செய்வார்கள். முதலில் அவளும் சிரித்தாள். இப்போதெல்லாம் முகங்கள்கூட மனதில் நிற்பதில்லை, எண்கள்தான்.

பதினொன்று, உலைக்காரருடையது. பதினெட்டு வந்தபோது அவள்தான் எழுதிக்கொடுத்து அவரை வாசல் காவலுக்கு மாற்ற வைத்தாள். நான்கு மாதமாக அவர் உலைப் பக்கமே போகவில்லை.

கூப்பிட்டு அனுப்பினாள். வந்து உட்கார்ந்தார். கையை நீட்டச் சொன்னாள். மணிக்கட்டு துவண்டு தொங்கியது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல அவரும் அதைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"ஒண்ணும் தெரியல மேடம்."

"யாருக்கும் தெரியாம உள்ள போறீங்களா?"

"இல்ல மேடம். மணி அடிச்சதும் நேரா வீடுதான். அங்கதான் நல்லா இருக்கு."

அப்படியானால் ஈயம் வீட்டில் இருக்கிறது. அங்கே ஒரு மனைவியும் சின்னப் பெண்ணும் இருக்கிறார்கள். மாலையில் பையில் இரண்டு வெற்றுக் குழாய்களோடு கிளம்பினாள்.

ஆலைக்குப் பின்தெருவில் கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு மூட்டிய வாசனையோ சோப்பு வாசனையோ இல்லை. மழையில் நனைந்த பழைய இரும்பைப் போல ஒரு குளிர்ந்த நெடி மட்டும் கூடம் முழுக்கத் தேங்கியிருந்தது, அதற்கு அடியில், நிற்காமல், அவசரமில்லாமல், நாய்க்குட்டி தட்டை நக்குவதுபோல ஈரமாக ஒரு சத்தம்.

சத்தம் சற்றுக் குறைந்தது. உலைக்காரரின் மனைவி முந்தானையால் வாயைத் துடைத்தபடி வந்தாள்.

"வாங்கக்கா. எங்க புது ரூமைப் பாக்க வந்தீங்களா?"

"புது ரூமா?"

"பழைய உலையை இடிச்சாங்கள்ல, அந்தச் செங்கல்லு. வேணாம்னு போட்டதை அவரே ஒண்ணொண்ணா தூக்கிட்டு வந்து கட்டுனாரு."

அவளுக்குப் புரிந்தது. இருபது வருடம் ஈயப் புகையில் ஊறிய செங்கல். காரணம் கிடைத்துவிட்டது, பயம்கூட வரவில்லை.

"இன்னிக்கே இடிச்சிடுங்க. பாப்பா எங்க?"

"அங்கதான் இருக்கா. வெளிய வரவே மாட்டேங்குறா."

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. கண் பழகச் சிறிது நேரம் பிடித்தது. எதிர்ச்சுவரில் மூன்று பள்ளங்கள். வேறு வேறு உயரத்தில். ஈரமாக, வழவழப்பாக, கிண்ணம்போலக் குழிந்து.

மேல் பள்ளத்தில் உலைக்காரர் முகத்தைப் புதைத்திருந்தார். தோள் மட்டும் அசைந்தது.

மனைவி அவளைத் தாண்டிப் போனாள். மண்டியிட்டாள். நடுப் பள்ளத்தில் வாயை வைத்தாள்.

யாரும் திரும்பவில்லை.

குழந்தை மட்டும் திரும்பியது. ஈறோரம் ஈயம் படிந்த நீலக் கோடு. நாக்கு தோலுரிந்து சிவந்திருந்தது. அழவில்லை.

"இனிக்குது அத்தை."

ஓட வேண்டும். கால் ஓர் அடி முன்னால் போனது. பையில் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அவள் வாயில் எச்சில் ஊறியது.

குழந்தை நகர்ந்து இடம் விட்டது. பக்கத்தில், யாரும் இன்னும் தொடாத ஒரு செங்கல்.