கரையவிடாத தாங்கிகள்

பவளத்துறையில் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் செய்யும் முதல் வேலை, காப்பலைக் கம்பத்துக்குக் கீழே போய் நிற்பது. ஜெசிந்தாவும் போய் நின்றாள். மணிக்கட்டுப் பட்டையில் பச்சை மின்னியது. நெஞ்சுக்குள் இருக்கும் கரைதாங்கிக்கு அலை போய்ச் சேர்ந்துவிட்டது, இன்றைக்கு உயிருக்குப் பயமில்லை என்று அர்த்தம். பின்னால் நின்ற புஷ்பம் தன் பட்டையைச் சேலையில் துடைத்துப் பார்த்தாள்.

"எனக்கும் பச்சைதாம்ட்டி. வா, வெயில் ஏறுததுக்குள்ள ஒரு டீயக் குடிச்சிருவோம்."

கடற்கரை ஊர்களில் வெக்கை கூடிக்கூடி மனிதர்களின் இதயத்தைத் தின்னத் தொடங்கியிருந்த காலம் அது. போக முடிந்தவர்கள் மலையேறிவிட்டார்கள். துறைமுகம் மலையேற முடியாது. கப்பலில் வரும் அரிசியையும் மருந்தையும் இறக்க ஆள் வேண்டும். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்ட தொழிலாளர்களுக்குத் துறைமுகக் குழுமம் இலவசமாகவே கரைதாங்கி வைத்தது. முன்காலத்து ஸ்டென்ட் உலோக வலை, வைத்தால் ஆயுளுக்கும் நெஞ்சில் கிடக்கும். இது கரையக்கூடியது. கம்பங்களிலிருந்து ரேடியோ அலைபோலப் பரவும் காப்பலை கிடைக்கிறவரை கெட்டியாக நின்று குழாயை விரித்துப் பிடிக்கும். அலை நின்றால் அப்போதே இளகத் தொடங்கி, மறுபடி அலை பட்டாலும் நிற்காமல் சில நாட்களில் கரைந்துவிடும். கரைந்தால் குழாய் மூடிக்கொள்ளும், ஆள் போய்விடுவான். அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

அதனால் யாரும் அலை எட்டும் வட்டத்தைத் தாண்டுவதில்லை. ஊருக்கு மேற்கே பாலத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் பட்டை அலறும்.

ஜெசிந்தா கிரேன் ஓட்டுபவள். அவளுக்கும் புஷ்பத்துக்கும் தாங்கி வைத்து ஒன்பது வருடமாகிறது. ஜெசிந்தாவின் கணவன் மிக்கேல், மகன் ரீகன் வெயிலில் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு மலைமேல் பூம்பாறைக்குப் போய்விட்டான். போன வருடத்துக்கு முந்தின மழையில் பள்ளிக்கூட ஜீப் சரிவில் உருண்டதில் அடிபட்டு, ரீகன் ஆஸ்பத்திரியில் இறந்தான். செய்தி வந்ததும் ஜெசிந்தா பாலத்துக்கு ஓடினாள். கோட்டுக்கு இந்தப் பக்கமே புஷ்பம் அவளைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, மேலே விழுந்து அமுக்கிக்கொண்டாள். "நீயும் செத்தா அவன் வந்துருவானாட்டி?" என்று கத்தினாள். அடக்கத்தை ஜெசிந்தா போனில்தான் பார்த்தாள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது யாரோ ஒருவருடைய முதுகு குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

அன்றைக்குக் கிரேன் அறையில் அவளுக்குத் தலை சுற்றியது. கண்டெய்னரைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். வழக்கமான டாக்டர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த டாக்டர் நிலோஃபர் ஊருக்குப் புதியவள். தண்ணீர்ச்சத்துக் குறைவுதான் என்று ஊசி போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இதயத்தையும் ஸ்கேன் எடுத்தாள். திரையைப் பார்த்தவளின் புருவம் சுருங்கியது.

"உங்களுக்கு ஏன்மா இன்னும் இந்தத் தாங்கி இருக்கு?"

"என்ன டாக்டரம்மா கேக்கிய? அது இல்லன்னா நான் ஏது?"

"குழாய் ஆறி எத்தனையோ வருஷம் ஆச்சு. இங்க பாருங்க, தானாவே விரிஞ்சு நிக்குது. மிஞ்சிப்போனா மூணு வருஷம் தாங்கணும், அப்புறம் கரைஞ்சு போயிடணும். அதுக்காகத்தானே கரையுற பொருள்ல செஞ்சாங்க? வெளியூர்ல எல்லாருக்கும் அப்படித்தான் கரையுது. இங்க இந்த அலைதான் அதைக் கரைய விடாம பிடிச்சு வச்சிருக்கு."

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பம் ரெண்டு வருஷத்துக்கு முன்னால நான் பாலத்தத் தாண்டிப் போயிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது," என்றாள் டாக்டர். இங்கே இவர்களுக்கு வேறு ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அதற்குள் அவளுக்கும் புரிந்துவிட்டது. "ஆனா புதுசா வச்சவங்க தாண்டக் கூடாதும்மா. அவங்களுக்கு இன்னும் ஆறியிருக்காது. அது நிஜமாவே ஆபத்து."

குழுமத்தின் நல்வாழ்வு அதிகாரி வேதமாணிக்கம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா கதவைத் தட்டவில்லை. அவள் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். மறுக்கவுமில்லை. அதுதான் அவள் உடம்பைப் பற்றி எரிய வைத்தது.

"உக்காரும்மா. கம்பத்த நிறுத்திட்டா நாளைக்கே பாதிப் பேரு மலைக்குப் போயிருவாங்க. அப்புறம் சரக்க யாரு இறக்குறது? ஜனங்களோட பசியையும் யோசிக்கணும்ல? உங்க உடம்புக்கு நாங்க ஒரு கெடுதலும் பண்ணலயே."

"என் புள்ளைய மண்ணுல வைக்கும்போது நான் இங்க கெடந்தேன் சார்."

"வருத்தமான விஷயந்தான்."

"வருத்தமா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இருந்திருப்பேன்லா! போயி அவன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பி வந்து இதே கிரேன்ல ஏறியிருப்பேன்லா! கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணவே இல்லயா? மாட்டக் கட்டிப்போட்டாக்கூட அதுக்குக் கயிறு கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு நெஞ்சுக்குள்ள கட்டிட்டு, உயிரக் காப்பாத்துதோம்னு கும்பிட வச்சிட்டியளே!"

அவர் மணியை அழுத்திக் காவலர்களைக் கூப்பிட்டார்.

அவர்கள் வெளியே கொண்டுவந்து விட்டதும் அவள் நேராகக் கேன்டீனுக்குப் போனாள். சாப்பாட்டு நேரம், கூட்டம் நிறைந்திருந்தது. பெஞ்சில் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னாள். யாராவது எழுந்து கத்துவார்கள், தட்டை வீசி எறிவார்கள் என்று எதிர்பார்த்தாள். சோற்றில் கை வைத்தபடி எல்லோரும் அவளை வெறித்துப் பார்த்தார்கள். முதலில் எழுந்தது புஷ்பம்.

"பொய் சொல்லாதட்டி!"

"ஸ்கேன என் கண்ணால பாத்தேன் புஷ்பம்."

"எங்கம்மா மதுர ஆஸ்பத்திரில எம்பேரச் சொல்லிச் சொல்லியே செத்தா. நான் போகல. போனா செத்துருவேன்னு போகல. இப்பம் வந்து சும்மா பயந்து கெடந்தேன்னு சொல்லுதியா? புள்ள செத்ததுல ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சு. எறங்கு கீழ!"

மற்றவர்களும் அவளை இறங்கச் சொன்னார்கள். அந்த முகங்களில் கோபம் இருந்தது, ஆனால் அது அவள்மீதுதான் இருந்தது. திருமணத்துக்குப் போகாதவர்கள், சாவுக்குப் போகாதவர்கள், மனைவி வேறொருவனோடு வாழத் தொடங்கியதைத் தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டவர்கள். அவள் சொன்னதை நம்பினால் அத்தனையும் வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை ஜெசிந்தா மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். பட்டை அலறியது. கல்லால் அடித்து உடைத்து ஆற்றில் எறிந்தாள். காவலர்கள் தடுக்கவில்லை. சாகப் போகிறவளைத் தடுத்து என்ன செய்வது என்று நின்றார்கள்.

பேருந்தில் நெஞ்சில் கை வைத்தபடியே போனாள். கரைவது தெரியும் என்று நினைத்திருந்தாள். அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. ஒன்பது வருடம் தன்னைக் கட்டிப்போட்டிருந்தது ஒரு சின்ன வலிகூடக் கொடுக்காமல் போய்விட்டதில் அவளுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

மிக்கேல் அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போனான். ரீகனின் சிலுவைக்கு அருகே அவள் மண்டியிட்டாள். பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிலுவையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பம் அன்னைக்கு நீ வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்."

"உசுரு போற வரைக்கும் அம்மா வாராளான்னு கேட்டான் ஜெசி. வர முடியாதுல, வந்தா அம்மா செத்துருவான்னு நான்தான் சொன்னேன். சரிப்பா, வர வேண்டாம்னு சொல்லுங்கன்னான்." அவன் சிலுவையைப் பிடித்துக்கொண்டான். "எம்புள்ளைகிட்ட எம் வாயால அந்தக் குழுமத்துக்காரனுவ பொய்யச் சொல்லியிருக்கேன்."

அவள் அவனைத் தேற்றவில்லை. "நான் திரும்பிப் போறேன்," என்றாள். "வேலைக்கு இல்ல."

கரைதாங்கி கரைந்து முடிவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று ஊரில் சொல்வார்களோ அதைப்போல இரண்டு பங்கு நாள் கழிந்தபின், ஷிப்ட் முடிகிற நேரத்தில், ஜெசிந்தா பாலத்தின் மறுபக்கத்தில் வந்து நின்றாள். வேலை முடிந்து பாலத்தடி வழியாக வீடு திரும்பியவர்கள் அவளைப் பார்த்து ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

"பேயில்ல, நான்தான்!" என்று கத்தினாள் ஜெசிந்தா. "என் நெஞ்சுல இப்பம் ஒண்ணும் கெடையாது. மலையேறி எறங்கி வந்து நிக்கேன். புதுசா வச்சவிய யாரும் தாண்டாதிய, ஒங்களுக்கு ஆறியிருக்காது. பழைய ஆளுவ எதுக்கு அங்க நிக்கிய? யாருக்காக நிக்கிய?"

யாரும் கோட்டைத் தாண்டவில்லை. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு புஷ்பம் வந்தாள். முகம் சிவந்து, தலைமுடி அவிழ்ந்து, வாயில் வந்த வசவையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "செத்துத் தொலைய வேண்டியதுதானட்டி, ஏன் உசுரோட வந்த?" என்று ஓடிவந்து ஜெசிந்தாவின் கன்னத்தில் அறைந்தாள். தோளில் குத்தினாள். நெஞ்சில் குத்தினாள். ஜெசிந்தா விலகவில்லை, தடுக்கவுமில்லை.

எங்கிருந்தோ ஓர் அலறல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது தன் கையிலிருந்துதான் வருகிறது என்று உணரப் புஷ்பத்துக்குச் சற்று நேரமானது. கையை ஓங்கியபடியே திரும்பிப் பார்த்தாள். கோடு அவளுக்கு வெகு பின்னால் கிடந்தது.

அவள் திரும்பி ஓடவில்லை. ஓங்கிய கையால் ஜெசிந்தாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு நான் என்னட்டி பதில் சொல்லுவேன்?"