குமராட்சி ரோட்டில் ஒரு சாண் மேடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பவானியின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வரப்புத் தகராறோடுதான் வருவார்கள். அளவையில் எங்கே பிசகு என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் தொழில். அன்று காலை வந்த கதிரவனோ ஒரு ரோட்டையே தகராறாகக் கொண்டுவந்திருந்தான்.

"நான் கிரேடர் ஓட்டுறேங்க, ரோட்டுல ஜல்லிய மட்டமாப் பரப்புற வண்டி. குமராட்சி பக்கம் புது ரோட்டு வேலை. ஒரு பக்கம் மேடு தட்டிப்போச்சு. வண்டி தானா ஓடுற ஆட்டோவ நான் அணைச்சுட்டுக் கையால ஓட்டிக் கெடுத்துட்டேன்னு சாவிய வாங்கிட்டாங்க. நாளைக்கு மேலிடத்துக்கு எழுதி அனுப்பிட்டா, அப்புறம் எவனும் என்னை அந்த சீட்டுல ஏத்த மாட்டான். எனக்கு வேற வேலை தெரியாதுங்க."

"மேடு விழுறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் பவானி.

"தெரிஞ்சுது. மேனேஜர்கிட்ட சொன்னேன். ஸ்கிரீன்ல இருக்கிறபடி போன்னாரு."

மூலையில் உட்கார்ந்திருந்த இளவரசு அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டான். பவானியின் கணவனுக்குத் தம்பி அவன். அண்ணியிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தன்னைத் துப்பறிவாளன் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். இதுவரை அவன் பிடித்துக் கொடுத்த குற்றவாளிகள் எல்லோரும் நிரபராதிகள். அதற்காக அவன் சோர்ந்துவிடவும் இல்லை.

சிதம்பரம் தாண்டியதும் அவனுக்குப் பழைய கோபம் வந்தது. "இந்த ரோட்டுல தை மாசம் பைக்ல வந்து முட்டியப் பேத்துக்கிட்டேன் அண்ணி. நட்ட நடு ரோட்டுல வரிசையாக் கல்லு. இருட்டுல எவன் பாத்தான்?"

"நடு ரோட்டுலயா?"

"ஆமா. எவனோ வேலையத்தவன்."

பவானி சன்னலுக்கு வெளியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேலை நடக்கும் இடத்தில் மேனேஜர் அருள்முருகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். விஷயம் இதுதான். வேலை தொடங்கும் முன் பழைய ரோட்டின் மேல் டிரோனைப் பறக்கவிட்டு, மேடு பள்ளத்தை அளந்து, கணினியில் அதே ரோட்டை உருவாக்கினார்கள். அதற்கு மாடல் என்று பெயர். பழைய ரோட்டுக்கு மேல் இவ்வளவு உயரம் என்று புது ரோட்டையும் அதிலேயே வரைந்து கிரேடரில் ஏற்றிவிட்டால், பிளேடு தானாக ஏறி இறங்கி ஜல்லியைப் பரப்பிவிடும். இந்த இடத்தில் பழைய தாரை அதற்கு முன்பே பெயர்த்து அள்ளியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க இப்போது பழைய ரோடு இல்லை.

இளவரசு மேட்டின் மேல் நடந்து பார்த்தான். ரோட்டின் ஒரு பாதி மட்டும் ஒரு சாண் உயர்ந்திருந்தது. சில வீட்டுத் தூரம் மேடு, சந்து வரும் இடத்தில் மட்டம், மறுபடி மேடு. புளியமரங்களின் நிழல் விழும் இடத்திலெல்லாம் சமமாக இருந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி," என்று ஓடி வந்தான். ரோட்டோரத்தில் முக்காலி மேல் நின்ற பெட்டியைக் காட்டினான். மெஷினுக்கு உயரம் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டி அது. "அதைப் பாத்துக்கிறது அதோ நிக்கிற அன்பரசுவாம். எங்கயோ இடிச்சுட்டு அப்படியே நிமித்தி வச்சிருக்கான். ஆளைப் பாத்தாலே தெரியுது."

"பெட்டி நகந்தா ரோடு முழுசும் ஏறியிருக்கணும். பாதி ரோடு மட்டும் எப்படி ஏறும்?"

இளவரசு புளியமரத்தை அண்ணாந்து பார்த்தான். "அப்ப மரம். மரத்தடியில சிக்னல் கிடைக்காது."

"சிக்னல் கெட்ட இடத்துல ரோடு சரியா இருக்கு. நல்லா கிடைக்கிற இடத்துல தப்பா இருக்கு. இப்ப சொல்லு."

அன்பரசு இருந்த பக்கம் இளவரசு அப்புறம் திரும்பவில்லை.

பவானி கிரேடரில் ஏறி, அதன் பதிவையும் மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிளேடு மாடல் சொன்ன உயரத்தை விட்டு விரற்கடை அளவுகூட விலகவில்லை. "இவர் கையால ஓட்டலைங்க," என்றாள்.

அருள்முருகன் மசியவில்லை. "மேடம், மாடல் சரி, மெஷின் சரின்னா ரோடு ஏன் கோணலா இருக்கு? பதிவ இவனே ஏதாவது பண்ணியிருப்பான். மாடல்ல தப்புன்னா எங்கன்னு காட்டுங்க. இல்லன்னா நான் எழுதி அனுப்பிடுவேன்."

கதிரவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாடல் செய்த சிந்துஜா சிதம்பரத்திலிருந்து மடிக்கணினியோடு வந்து சேர்ந்தாள். "பழைய ரோட்டுலயே அந்த மேடு இருந்துச்சு மேடம். படத்துலயும் தெரியுது பாருங்க, பாதி ரோட்டுல கறுப்பா. புதுசா தார் ஒட்டுப் போட்டிருக்காங்க. முழங்கால் உசரத்துக்குக் காட்டுச்சு, ஒட்டு அவ்வளவு இருக்காதுன்னு நான்தான் ஒரு சாணுக்கு மழுக்கி விட்டேன்."

"எப்ப பறக்க விட்டீங்க?"

"தை மாசக் கடைசி. வண்டி வர்றதுக்கு முன்னாடி, விடிஞ்சதும்."

பவானி எதிர்வீட்டுப் பொன்னியைக் கூப்பிட்டாள். அவள் வாசலில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக் கொண்டிருந்தாள். "ஏம்மா, இங்க தை மாசம் தார் ஒட்டுப் போட்டாங்களா?"

"தாரா? நாங்க நாயா பேயா கத்தியும் ஒரு கூடை தார் வரலையே. அவுங்களாவது போடுறதாவது," என்றாள் பொன்னி.

பவானி படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பொன்னியிடம் ஏதோ மெல்லக் கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கொஞ்சம் தள்ளி, பழைய தார் இன்னும் பெயர்க்காத இடத்தில் நின்றார்கள். பொன்னி தன் நெல்லை ரோட்டின் ஒரு பாதியில் நீளமாகக் குவித்தாள். மேலே ஒரு கறுப்புத் தார்ப்பாயை இழுத்து மூடி, காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் கல் வைத்தாள். நடு ரோட்டுப் பக்கமும் வரிசையாக வைத்தாள், வண்டி ஏறாமல் இருக்க. இளவரசு காரிலிருந்து தன் சின்ன டிரோனை எடுத்து வந்து மேலே ஏற்றினான். திரையில் பாதி ரோடு கறுப்பாக, ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

சிந்துஜா தன் பழைய படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அதே கறுப்பு, அதே புள்ளிகள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"தை மாசம் அறுப்பு முடிஞ்ச நேரம்," என்றாள் பவானி. "ஊரே ரோட்டுல நெல்லு காயப்போடும். வண்டி போக ஒரு பாதிய விட்டுட்டு, வீட்டு வாசலுக்கு நேரா, சந்துக்கு வழி விட்டு. நிழல்ல போட்டா காயாது, அதான் மரத்தடியில மேடு இல்ல. ராத்திரி பனிக்குக் குவிச்சு மூடுவாங்க, வெயில் ஏறின பிறகுதான் பிரிப்பாங்க. நீங்க விடிஞ்சதும் பறக்க விட்டீங்க. டிரோனுக்கு ரோடு எது, நெல்லு எதுன்னு தெரியாது. மேல தெரியுறதை அளக்கும், அவ்வளவுதான். ஊரு நெல்லு மேல இவர் ரோடு போட்டிருக்காரு."

"எப்படி அண்ணி தோணுச்சு?" என்றான் இளவரசு.

"உன் முட்டி சொல்லுச்சு. நடு ரோட்டுல எவனும் வேலையத்துப் போய்க் கல்லு அடுக்க மாட்டான்."

இளவரசு முழங்காலைத் தடவிக்கொண்டான். ஐந்து மாதமாகத் துப்பைக் காலிலேயே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான் மனுஷன்.

சிந்துஜா மேனேஜர் பக்கம் திரும்பினாள். பேச்சில் இழுபறி இல்லை. "தப்பு என்னோடது சார். கறுப்பா இருந்தா தார்னு நானே முடிவு பண்ணிட்டேன், ஊர்ல ஒருத்தரைக் கேட்டிருக்கலாம். நெல்லு இருந்த இடத்தைக் கழிச்சுட்டு, ரெண்டு பக்கத்து உசரத்தை வச்சு மாடலைத் திருத்தித் தரேன். மழைக்கு முன்னாடி மேட்டைச் சீவிடலாம். கதிரவன் அண்ணன் பேரை எழுதாதீங்க."

அருள்முருகன் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி நெல்லைப் பார்த்தார். "நீ சொன்னப்பவே நான் இறங்கி வந்து பாத்திருக்கணும்," என்று கதிரவனிடம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "எழுதத்தான் போறேன். நடந்ததை எழுதுறேன்."

திருத்திய மாடல் மறுநாள் வந்தது. பார்க்காமல் இருப்புக் கொள்ளாத இளவரசு அண்ணியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான். கதிரவன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை ஒரு முறை துடைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினான். பிளேடு இறங்கிச் சீவ, மேடு சரிந்தது. இளவரசுக்குக் கண் கலங்கியது. தூசு என்றான், யாரும் கேட்காமலே.

வாசலில் நின்ற பொன்னி குரல் கொடுத்தாள். "ஏம்ப்பா, ரோடு முடிஞ்சா நெல்லு காயப்போடலாமா?"

கதிரவன் எஞ்சினைத் தணித்துவிட்டுச் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "போடுக்கா. மட்டமா இருக்கும், நல்லா காயும்."