முப்பத்தெட்டுப் பேர்

மூன்றாம் குளிரறையின் கதவை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

குமுதா கையிலிருந்த பட்டியலைத் தாழ்த்திக் கவனித்தாள். மாலை ஐந்து மணி. மேரு தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள்மேல் மழை சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. பின்கட்டில் ஒரு லோரி ரிவர்ஸ் எடுத்தது. நீண்ட மேசைகளில் மீன் பொதியும் முப்பத்தெட்டுப் பெண்களின் கைகளில் பிளாஸ்டிக் பைகள் சரசரத்தன. அத்தனைக்கும் அடியில் அந்தத் தட்டல், அவசரமில்லாமல், மூன்று மூன்றாக.

"வாணி, உனக்குக் கேக்குதா?"

பக்கத்து மேசை வாணி கையுறையைக் கழற்றாமலே நிமிர்ந்தாள். "மழைதான் அக்கா. கோல்ட் ரூம் காலையிலேருந்து பூட்டித்தானே கெடக்கு. உள்ள ஆளே இல்ல லா."

ஆள் இல்லைதான். மார்ச் மாதம் இருந்தான். அம்மோனியாக் குழாய் வெடித்தபோது கன்னையா உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். வாயு கூடத்துக்குள் வந்துவிட்டால் பெண்களில் ஒருத்திகூட வாசலை எட்டமாட்டாள். குமுதாதான் சூப்பர்வைசர். கதவைச் சாத்தி இரும்புப் பிடியை இறக்கினாள். அவன் தட்டினான். அவள் திறக்கவில்லை. பதினொரு நிமிடம் தட்டினான்.

இழவு வீட்டில் அவன் மனைவி தனலெட்சுமி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க செஞ்சது சரிதாங்க்கா. எத்தன வீட்டுப் பொம்பளைங்க." அந்தக் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் குமுதாவால் தாங்க முடியவில்லை.

மறுபடி தட்டல்.

குளிரைத் தடுக்கத் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு அவள் நடைவழிக்குள் போனாள். திரை அவள் முதுகுக்குப் பின்னால் ஈரமாக ஒட்டிக்கொண்டு மூடியது. கதவை நெருங்க நெருங்க, மூக்கைச் சுருக்கென்று குத்தும் அந்த நெடி. கதவின் சிறு கண்ணாடிக்குப் பின்னால் இருட்டு. பிடியில் கை வைத்தாள். திறக்கவா, மூடி அழுத்தவா என்று அவளுக்கே தெரியவில்லை. நெடி ஏறியது.

அழுத்தினாள்.

"குமுதாக்கா."

கன்னையாவின் குரல். மெல்ல, வேலைக்கு நடுவில் கூப்பிடுவதுபோல.

"எல்லாரும் வெளிய போயிட்டாங்களா?"

இந்த ஒரு பதிலை அவனிடம் சொல்லிவிட மாட்டோமா என்று எத்தனை நாள் படுக்கையில் புரண்டிருக்கிறாள்.

"போயிட்டாங்க கன்னையா. ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல."

மழைச் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப இங்க என்னைச் சுத்தி நிக்கிறது யாருக்கா?"

திரும்பினாள். திரைக்கு அப்பால் கூடம். மேசைகள். பாதி பொதிந்த மீன்கள். கழற்றிப் போட்ட கையுறைகள். யாரும் இல்லை.

"வாணி?"

குளிரறைக்குள் விளக்கு எரிந்தது.

கண்ணாடியில் வாணியின் முகம். இமைமயிர்களில் வெள்ளையாக உறைபனி. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களின் நீல ஏப்ரன்கள், வரிசை வரிசையாக, சுவர்வரை.

வாணி தட்டினாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு எல்லாக் கைகளும்.

கதவு அதிர்ந்தது. குமுதாவின் இரண்டு கைகளும் பிடியைக் கீழே அழுத்திக்கொண்டே இருந்தன.