நாளைக்குச் செத்தவள்

யசிந்தாவின் இடுப்பு இரண்டாக முறிந்துவிடும் போல வலித்தது.

விடியற்காலையிலிருந்து நின்றபடியே நண்டு உடைத்த இடுப்பு அது. விரல் இடுக்கெல்லாம் ஓடு கிழித்த கீறல். உப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் தீயாக எரிந்தது.

குருநகர் வீட்டுக் கதிரையில் பொத்தென்று விழுந்தாள். போனைத் திறந்தாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்...

சத்தம் வரவில்லை. காற்றுத்தான் வந்தது!

குசினியிலிருந்து றொசாந்தி தேத்தண்ணியோடு வந்தாள். யசிந்தாவின் சித்தி மகள். யசிந்தாவுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொந்தம்.

"ஏனக்கா ஓரா மீன் மாதிரி வாயைத் திறக்கிறாய்?"

"றொசி... நான் செத்திட்டனடி!"

"விசரே உனக்கு? செத்தவள் கதைப்பாளே?"

"இதைப் பார்!"

திரையில் அவர்களுடைய குடும்ப மரம். ஒரு வருடமாக இணையத்தில் கிளை கிளையாகக் கட்டியது. உச்சியில் எத்தியேன் லபோர்த். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்காலிலிருந்து கப்பலில் வந்த மாலுமி. குருநகர்ப் பெண்ணைக் கட்டி, கொழும்புத்துறையில் கடலோரமாக ஒரு வளவுக் காணி வாங்கி, அங்கேயே மண்ணாகிப் போனவன்.

மரத்தின் அடியில், உயிரோடு இருந்தவை இரண்டே பெயர்கள். யசிந்தா. றொசாந்தி.

இருந்தவை!

இப்போது யசிந்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சிலுவை.

இறந்த இடம்: கொழும்புத்துறைக் கடல். இறந்த திகதி...

"நாளையான் திகதி போட்டுக் கிடக்கடி!"

தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது.

"ஆரக்கா மாத்தினது?"

"பியர்."

பியர் பாரிஸ்காரன். போன வருடம் எங்கிருந்தோ முளைத்து, 'நானும் லபோர்த் வம்சம்தான் சகோதரி, என்ரை அம்மா யாழ்ப்பாணம்' என்று எழுதினான். அன்றிலிருந்து கூட்டு வேலை. இவள் சேமக்காலையில் கல்லறைகளின் பாசியைச் சுரண்டிப் படம் எடுத்து அனுப்புவாள். ஞானஸ்நானப் பத்திரங்களை அனுப்புவாள். அவன் பிரெஞ்சுப் பெயர்களாகக் கொண்டு வந்து கொட்டுவான். நண்டுக் கம்பனியில் பெட்டைகள் இவளைப் பார்த்தாலே, "விலகுங்கோடி... பிரெஞ்சு மகாராணி நண்டு உடைக்க வாறா!" என்று நக்கலடிப்பார்கள்.

றொசாந்தியும் தட்டை வைத்துவிட்டுத் தன் போனைத் தட்டினாள்.

ட்றீங்... ட்றீங்...

போன்!

பியர்!

"எடக்கா," றொசாந்தி கிசுகிசுத்தாள். "என்ன சொல்லுறான் பாப்பம்."

எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சகோதரி, பயந்திட்டீங்களோ? சின்னப் பிழை. பழைய ஒராளின்ரை திகதி உங்கடை பேரிலை விழுந்திட்டுது."

"பழைய ஆள் நாளைக்கே அண்ணை சாகிறார்?"

மறுமுனையில் ஒரு செருமல்.

அந்தச் செருமலுக்குப் பின்னாலே... மெல்லியதாக... ஒரு பியானோப் பாட்டு.

யசிந்தா தலையைத் திருப்பினாள். அதே பாட்டு யன்னலுக்கு வெளியிலும் கேட்டது! தெருமுனையில் பாண் ஓட்டோ, தெருத்தெருவாகப் பாண் பணிஸ் விற்கிறவன். தினமும் பின்னேரம் அவன் ஒலிபெருக்கியில் போடுகிற அதே ஒற்றைப் பாட்டு. போனுக்குள் ஒன்று. வெளியே ஒன்று.

"அ... அங்கை பாரிசிலை எப்பிடி அண்ணை?"

"சரியான குளிர்."

பாரிசிலும் பாண் விற்பார்கள்தான். ஆனால் குருநகர்ப் பாண் ஓட்டோ பாரிசுக்குப் போகாது!

இருக்கிறான்... இந்தத் தெருவில் இருக்கிறான்!

யார்? கம்பனி வாகனச் சாரதியா? முந்தாநாள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டவனா? தெரிந்த முகங்கள் எல்லாம் கண்ணுக்குள் வந்து பல்லைக் காட்டின.

றொசாந்தி அவள் காதுக்குள் சொன்னாள். "போனை வையக்கா. நாளைக்குப் பூசை முடிய வளவு பாக்கப் போறம்தானே. ஆறுதலாக் கதைப்பம்."

வளவு. கொழும்புத்துறை. நாளைக்கு.

அந்தப் பயணத்தை நேற்று இரவு சோறு தின்னும்போது பேசிக்கொண்டார்கள். பேசியது இரண்டே பேர். பியருக்கு யசிந்தா ஒரு வார்த்தை எழுதவில்லை.

யசிந்தா போனை வைக்கவில்லை.

போனை வாயருகே கொண்டுபோனாள். கண் மட்டும் றொசாந்தியை விட்டு நகரவில்லை.

"அண்ணை... எனக்குப் பயமாக் கிடக்கு. இருட்ட முந்திப் பொலிசுக்குப் போகப்போறன். துணைக்கு ஒரு ஆம்பிளை இல்லை. ஒழுங்கை முழுக்கக் கடலுக்குப் போட்டுது. றொசியும் வெளிக்கிட்டிட்டாள். நான் தனிய அண்ணை!"

"...ஓமோ? எல்லாரும் கடலுக்கோ?"

"ஓமண்ணை. வர விடியும்."

"அப்ப ஒரு இடமும் போகாதேங்கோ. கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ."

டக். போன் வைக்கப்பட்டது.

தெருமுனையில் ஒரு வாகனக் கதவு அடிபட்டது.

றொசாந்தியின் முகத்தில் துளி இரத்தம் இல்லை. "நான்... அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்," என்று குசினிக்குள் ஓடினாள். யசிந்தா இடுப்பு வலியை மறந்து பின்னால் பாய்ந்தாள். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. றொசாந்தியின் பெருவிரல்கள் போனில் பறந்துகொண்டிருந்தன.

பறித்தாள்!

'வராதை! இண்டைக்குச் சனி! எல்லா ஆம்பிளையளும் வாடியிலை...'

பாதியில் நின்ற செய்தி. பின்னால் குடும்ப மரம் திறந்து கிடந்தது. மேல் மூலையில் ஒரு வரவேற்பு.

'வணக்கம், பியர்.'

"நீயாடி?" குரல் கரகரத்தது. "ஒரு வருசமா என்னைச் சகோதரி எண்டு எழுதினது... நீயாடி?"

"குடக்கா போனை!"

"சனி பின்னேரம் குருநகரிலை ஆரடி கடலுக்குப் போறது? நாளைக்கு ஞாயிறுப் பூசை. வள்ளமெல்லாம் கரையிலை. நான் சொன்னது பொய்யெண்டு இந்த ஊர்க் குஞ்சு குருமனுக்கும் தெரியும். தெரியாதது வெளியிலை நிக்கிறவனுக்குத்தான். அவனுக்குச் சொல்ல ஓடினவள் ஆர் பார்!"

கிரீச்...

முன் கதவு!

உள்ளே நுழைந்தவனின் ஒரு கையில் சாக்கு. மறு கையில் நைலோன் கயிறு. யசிந்தாவைப் பார்த்தான். சிரித்தான்.

"சகோதரி," என்றான் பியரின் குரலில்.

"ஓடடா!" என்று கத்தினாள் றொசாந்தி. அவனுக்கு விளங்கவில்லை. கயிற்றை இழுத்து முறுக்கிக்கொண்டு ஒரு அடி வைத்தான்.

இந்த முறை யசிந்தாவுக்குச் சத்தம் வந்தது!

"மரியரட்ணமண்ணை...!"

பின்வளவில் வலைகள் குவித்து வைக்கும் வாடி. அங்கே காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தது ஒழுங்கையின் மொத்த ஆண்கூட்டம். காட்ஸ் பறந்தது. துடுப்போடு ஒருவன், மரக்கோலோடு ஒருவன், சாரத்தை மடித்துக் கட்டியபடி பத்துப் பேர் குசினிக் கதவால் பாய்ந்தார்கள். சாக்கு விழுந்தது. பிறகு அவனும் விழுந்தான்.

வாடிக்கும் வள்ளங்களுக்கும் சொந்தக்காரரான மரியரட்ணம் சம்மாட்டி அவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஆரடா நீ?"

"பி... பியர்."

"பியரோ?" சம்மாட்டி குனிந்து முகத்தைப் பார்த்தார். "உவன் வல்வெட்டித்துறை ஜெயதீபன் எல்லோ! காணித் தரகன். போன மாசம் எங்கடை வாடிக் காணிக்கும் விலை கேட்டு வந்தவன்."

"எல்லாரும் கடலுக்குப் போட்டினம் எண்டு சொன்னவள்!" ஜெயதீபன் வாயில் இரத்தத்தோடு முறைப்பட்டான். "எங்கடை ஊரிலை சனிக்கிழமையும் போறவங்கள்தானே!"

"உங்கடை ஊரிலை போவாங்கள் தம்பி. இது வேதக்காரர் தெரு, ஞாயிறு பூசை தவறாத சனம். ஒரு வருசம் பிரெஞ்சுக்காரனாக் கிடந்தும் உது தெரியேல்லையே?"

றொசாந்தி சுவரோடு சரிந்திருந்தாள். கொழும்புத்துறை வளவை ஹொட்டல் கட்டக் கேட்டிருந்தார்கள்; பியரைப் படைத்து வாரிசுப் பத்திரங்களைச் சேர்த்தது அதற்குத்தான். மரத்தில் ஒரே ஒரு வாரிசு இருந்தால் ஒரே ஒரு கையெழுத்து.

"நாளைக்குக் கொல்லப் போறவளை ஏனடி இண்டைக்கே சாகடிச்சனி?" யசிந்தா கேட்டாள்.

"வாங்கிற ஆள் திங்கள் விடிய மரத்தைப் பாப்பானாம்..." றொசாந்தி மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்குச் செத்தவீட்டிலை நான் அழ வேணும். பிரேதத்துக்குப் பக்கத்திலை இருந்து போன் நோண்டினா சனம் என்ன சொல்லும்? அதுதான் முந்தியே போட்டனான். மாத்தினா உனக்கும் அறிவிப்பு வருமெண்டு தெரியாது."

இருவரையும் பொலிஸ் கொண்டுபோனது.

ஞாயிறு விடிந்தது. யசிந்தா செத்த நாள்!

பாதிப் பூசையில் போன் அதிர ஆரம்பித்தது. பாரிசிலிருந்து, இணையத்தில் மரத்தைப் பார்த்த ஊர்க்கார மாமி ஒருத்தி எடுத்தவுடனேயே ஒப்பாரி வைத்தாள். "ஐயோ என்ரை யசிந்தா..." என்றவள், "நான்தான் மாமி கதைக்கிறன்," என்ற குரலைக் கேட்டு போனைப் போட்டுவிட்டு ஓடினாள். மரத்தில் கறுப்புச் சிலுவை அப்படியே இருந்தது. அதைப் போட்ட பியர் மட்டும்தான் அதை எடுக்கலாம். பொலிஸ் எடுத்துப்போன போன் பூட்டிக்கொண்டது; பியரின் கடவுச்சொல் றொசாந்தியிடம். றொசாந்தி வாய் திறக்கவில்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் நிலையப் படி ஏறினாள் யசிந்தா.

"இன்னும் என்னம்மா?" என்றார் சார்ஜன்ட்.

"உள்ளை இருக்கிறவள் எனக்கு ஒரு கடன் தரவேணும் சேர்."

"காசோ? நகையோ?"

"காசெண்டா விட்டிருப்பன் சேர். விடிஞ்சா வேலை, உந்தச் சிலுவையைக் கம்பனியிலையும் பாத்திட்டினம். செத்தவளை நண்டுக் கம்பனி கேற்றுக்குள்ளை விடாது. அவள் எனக்குத் தரவேண்டியது... ஒரு உயிர்!"