மேல் தாழ்ப்பாள்

படகிலிருந்து மெத்தையை இறக்கும்போதே தூறல் தொடங்கிவிட்டது. ஒரு மெத்தை, இரண்டு பானை, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு துணி மூட்டை. மஸ்னியாவின் குடித்தனம் அவ்வளவுதான். இடுப்பில் இரண்டரை வயது சல்வா அம்மாவின் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். நிலக்கரி இழுத்துப் போன பெரிய படகு சல்வாவின் அப்பா ஷாஹ்ரானின் சின்னப் படகின் மேல் ஏறிப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு அது தெரியாது.

அந்தத் துறையின் மற்ற வீடுகளைப் போலவே இதுவும் ஆற்றின்மேல் இரும்புமரக் கால்களில் நின்றது. வீட்டுக்காரி அர்பைனா வாசல் பலகையில் நின்று கை நீட்டினாள்.

"வா தங்கச்சி. பலகை வழுக்கும், பாத்து."

உள்ளே ஈரமரத்தின் வாடை. அதற்கு அடியில், எப்போதோ கருகிய எண்ணெயின் வாடை. தூண்களின் முனைகளில் பழைய கைலித் துணி சுற்றியிருந்தது. தரைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடம்கூட விடாமல் மரச்சட்டம் அடித்திருந்தது. சமையல் தட்டு தலைக்கு மேலே இருந்தது. ஆற்றுப் பக்கம் திறக்கும் பின்கதவின் தாழ்ப்பாள் உச்சியில் இருந்தது. மஸ்னியா எக்கித்தான் தொட முடிந்தது.

"முன்ன இருந்தவங்களுக்குச் சின்னப் புள்ள இருந்துச்சா?"

அர்பைனா சாவியை அவள் கையில் வைத்தாள். "இருந்துச்சு." பிறகு, "மத்தியானம் கண்ணசந்தா பின்கதவச் சாத்திக்கோ" என்றாள். தேநீருக்குக்கூட நிற்கவில்லை.

மஸ்னியாவுக்கு அது உறைக்கவில்லை. ஐந்து மாதமாக எதுவுமே உறைப்பதில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று நாக்குச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு ஜூமியாத்தி பலகாரம் விற்பவள். அவளுக்காக மஸ்னியா காலையில் வாழையிலையில் பலகாரம் மடித்துக் கொடுப்பாள். பிறகு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். சல்வா அவளைச் சுற்றித் தானே விளையாடுவாள்.

முதல் வாரம் ஒருநாள், கொதிக்கும் வெந்நீர்ப் பானையை இறக்கித் தரையில் வைத்தாள். இறக்கியது நன்றாக நினைவிருக்கிறது. ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பானை மேல் தட்டில் இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான்தான் வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் எலி மருந்துப் பொட்டலம் காணாமல் போனது. அதற்கு அடுத்த நாள், துணி அலசிவிட்டுத் திறந்தபடி விட்டுவந்த பின்கதவு சாத்தியிருந்தது. உச்சித் தாழ்ப்பாளும் போட்டிருந்தது. அவள் அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் வரவில்லை. பயப்படுவதற்குக்கூட உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

பலகாரக் கூடையை எடுக்க வந்த ஜூமியாத்தியிடம் சொன்னாள். சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

ஜூமியாத்தி கூடையைக் கீழே வைத்தாள். "அந்த அர்பைனா வாயத் தொறக்கலியா? வாடகைன்னா மட்டும் வாய் காது வரைக்கும் போவும் அவளுக்கு." குரலைத் தாழ்த்தினாள். "ஹதாரியான்னு ஒருத்தி இருந்தா. உன் வயசுதான். அடுப்புல மீன் பொரிஞ்சுட்டு இருந்துது. அவ சுவத்துல சாஞ்சு கண்ண மூடிட்டா. கதவு தொறந்து கெடந்துச்சு. பையனுக்கு ரெண்டு வயசு. தண்ணிச் சத்தம்கூடக் கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் மூணு வருசம் இந்த வீட்டப் பூட்டிப் பூட்டிக் கட்டினா. துணி சுத்துனா, சட்டம் அடிச்சா, கத்தியெல்லாம் மேல ஏத்துனா. யாருக்குடீ? புள்ள போனதுக்கு அப்புறந்தான் அந்தத் தாழ்ப்பாளே போட்டா." ஜூமியாத்தி கூடையை இடுப்புக்கு ஏற்றினாள். "ஒருநாள் மத்தியானம் படுத்தவ எந்திரிக்கல. நீ வந்துடு மஸ்னியா. என் வீட்டுல ஒரு மூலை இருக்கு."

"பாக்கலாம்கா."

அவள் போகவில்லை. மறுபடி மூட்டை கட்ட வேண்டும், படகு பிடிக்க வேண்டும், யாரிடமாவது பேச வேண்டும். இங்கே யாரோ பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அது போதும் என்று இருந்தது.

அதன் பிறகு மத்தியானங்களில் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். அடுப்பை அணைத்தோமா, கதவைச் சாத்தினோமா என்று எழுந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள். மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தது. சல்வாவின் உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

சல்வா ஓடுவதை நிறுத்தியிருந்தாள்.

அதை மஸ்னியா வெகு நாள் கழித்துத்தான் கவனித்தாள். குழந்தை தூணோரமாக உட்கார்ந்தே இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தாள். இடுப்பில் ஒரு கைலிக் கிழிசல் சுற்றியிருந்தது. மறுமுனை தூணில் கட்டியிருந்தது. முடிச்சு அவள் கட்டுகிற முடிச்சு அல்ல.

"யாரு கட்டினது, சல்வா?"

"அம்மா."

"நான் கட்டலியே."

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தது.

அவிழ்த்துவிட்டாள். அன்றே கிளம்பியிருக்க வேண்டும். நாளைக்கு என்று நினைத்தாள். உடம்பு கனத்தது. படுத்தாள்.

விழித்தபோது மூச்சு முட்டியது. ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. வீடு அடுப்பின் உள்பக்கம்போலக் கொதித்தது. கருகிய எண்ணெய் நாற்றம் தொண்டையில் ஏறியது.

"சல்வா?"



உத்தரம் மட்டும் மெல்லக் கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது.

அடுத்த அறையின் இருட்டில் ஒரு தூளி தொங்கியது. மஸ்னியா அந்த வீட்டில் தூளி கட்டியதே இல்லை. அதில் சல்வா உட்கார்ந்த வாக்கில் இருந்தாள். கைக்குழந்தைகளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் தூங்க வைப்பார்கள், உட்காரவைத்து, கழுத்துவரை துணி சுற்றி. ஆனால் இவள் கைக்குழந்தை இல்லை. கை தெரியவில்லை, கால் தெரியவில்லை. முகம் மட்டும் சிவந்து, உதடு வெடித்து, கண் பாதி திறந்து இருந்தது.

தூளியை யாரும் ஆட்டவில்லை.

ஆனாலும் அது ஆடியது.

மஸ்னியா முடிச்சைப் பிடித்து இழுத்தாள். இறுகியது. கத்தி தேடி ஓடினாள். தட்டு காலியாக இருந்தது. திரும்பி வந்து முடிச்சைப் பல்லால் கடித்தாள். துணியில் ஆற்றுச் சேற்றின் ருசி. இத்தனை மாதத்தில் அவள் நாக்கு அறிந்த முதல் ருசி அது.

பலகைக்கு அடியில் தண்ணீர் மோதியது. அந்தச் சத்தத்தில் சொற்கள் இருந்தன.

"அசையாம இருந்தா ஒண்ணும் ஆவாது."

மஸ்னியா கடிப்பதை நிறுத்தவில்லை.

"நீ தூங்கிடுவே."

"தூங்க மாட்டேன்." வாயில் துணியோடு சொன்னாள். "இனிமே தூங்க மாட்டேன். எம் புள்ள. நான் பாத்துக்கறேன்."

தண்ணீர் மறுபடி மோதியது. பிறகு மிக அருகில், காதுமடலில் படுகிற மாதிரி:

"நானும் அதத்தான் சொன்னேன்."

துணி கிழிந்தது. குழந்தை அவள் மேல் சரிந்தது. அனலாகக் கொதித்தது, ஆனால் மூச்சு இருந்தது. மஸ்னியா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்கதவைத் தள்ளினாள், அசையவில்லை. பின்கதவுக்கு ஓடினாள். உச்சித் தாழ்ப்பாள் நகரவில்லை. மிளகாய் அரைக்கும் கல்லை எடுத்து அடித்தாள். ஒன்று, இரண்டு, பத்து. நகம் பிய்ந்தது. தாழ்ப்பாள் மரத்தோடு பெயர்ந்து விழுந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"அக்கா! ஜூமியாத்தி அக்கா!"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஷாஹ்ரானின் உடலைக் கரையேற்றிய அன்றுகூட வராத அழுகை.

ஜூமியாத்தி குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். ஈரத்துணியால் துடைத்தாள். "திட்டக்கூட வாய் வரல எனக்கு" என்று திட்டிக்கொண்டே இருவரையும் படகில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள். இரண்டு நாளில் சல்வா எழுந்து உட்கார்ந்தாள்.

மஸ்னியா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. பஞ்சர்பாருவில், ஆறு கண்ணில் படாத மேட்டு நிலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே கிணற்றுக்கு மூடி போட்டாள். மண்ணெண்ணெய் போத்தலைப் பூட்டி வைத்தாள். கொதிக்கிற எதையும் தரையில் இறக்கவில்லை. அக்கா கேலி செய்தாள்: "என்னடி, வீட்டுக்குள்ள போலீஸ் வந்த மாதிரி இருக்கு?" மஸ்னியா சிரிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டாள். மத்தியானங்களில் சல்வாவோடு வெளியே நடந்தாள். குழந்தை ஓடியது. ஒருமுறை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபோது, வாரி எடுத்து ஊதினாள். நெஞ்சில் ஏதோ இளகியது போலிருந்தது. முழுக்க அல்ல, கொஞ்சம்.

அந்த மாதம் தெரு முனையில் குழந்தைகளுக்கு எடை பார்த்தார்கள். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். மாமரக் கிளையில் வட்டத் தராசு தொங்கியது. அதன் கொக்கியில் ஒரு துணித் தொட்டில். எடை பார்க்கும் பெண் சல்வாவை அதில் உட்காரவைத்தாள்.

"பதினொண்ணரை. பரவால்ல, ஏறியிருக்கா. தூக்கிக்கோங்க."

மஸ்னியா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

முள் இறங்கவில்லை.

அந்தப் பெண் தராசின் கண்ணாடியை விரலால் தட்டினாள். "சிக்கிக்கிச்சு போல." மறுபடி தட்டினாள். முள் பதினொன்றரையிலேயே நின்றது. காலித் தொட்டிலின் துணி கீழ்நோக்கி விறைத்து, இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. கிளை வளைந்திருந்தது.



மஸ்னியா குழந்தையை இறுகப் பிடித்தாள். சல்வா அம்மாவின் இடுப்பிலிருந்தபடி எட்டி, தொட்டிலை மெதுவாக ஆட்டிவிட்டாள்.