களிமண்ணில் ஒரு நட்சத்திரம்

லோகுவின் காதுக் கருவி காருக்குள் விழுந்துவிட்டது.

இருக்கைக்கு அடியில் விழுந்திருந்தால் எடுத்துவிடலாம். அது விழுந்த இடம் வேறு. முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, ஹேண்ட் பிரேக்கைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறதல்லவா? அதன் இடுக்கு வழியாக உள்ளே போய்விட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வரும்போது நல்ல மழை. பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் மாமா தன் காரை நிறுத்தி, பிரின்சியையும் தம்பி லோகுவையும் அவர்கள் அம்மா செண்பகத்தையும் ஏற்றிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த லோகு, வைப்பர் ஆடுவதை வேடிக்கை பார்க்க முன்பக்கம் எக்கிக் குனிந்தான். அவ்வளவுதான்.

லோகுவுக்கு ஆறு வயது. பக்கத்தில் வந்து கத்தினால்தான் அவனுக்குக் காது கேட்கும். அரசு மருத்துவமனைக்கு அலைந்து அலைந்து, போன மாதம்தான் அந்தக் கருவி கிடைத்தது. குக்கர் விசில் அடிக்கும் என்பதே அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தெரியும். இப்போது மறுபடியும் எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, மாமா ஒரு கம்பியை இடுக்கில் விட்டுத் துழாவினார். கருவி இன்னும் ஆழமாகப் போனது.

"போதும் மாமா, குத்தினா உடைஞ்சிடப் போவுது" என்றாள் பிரின்சி.

மூடியைக் கழற்றிவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்தார் மாமா. அது ஸ்க்ரூவில் நுழையவே இல்லை. பிரின்சி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஸ்க்ரூவின் தலையில் பிளஸ் குறி இல்லை, கோடும் இல்லை. ஆறு முனை வைத்த ஒரு குட்டி நட்சத்திரப் பள்ளம். அதன் நடுவில் ஊசிமுனை போல ஒரு குமிழ்.

தெருமுனை மெக்கானிக்கும் வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கு டூல் நம்மகிட்ட இல்லபா. சர்வீஸ் சென்டர்தான் போவணும். இன்னிக்கு லீவு."

"நாளைக்கு விடிகாலைல நான் வேலூருக்குக் கிளம்புறேனே. பொண்ணுக்குப் பிரசவம். வர ஒரு மாசம் ஆவும்" என்றார் மாமா. லோகுவைப் பார்த்தார். "சரி, செண்பகம். மூடியை உடைச்சுடறேன். பிளாஸ்டிக்தானே."

"வேணாம்ணா" என்று செண்பகம் அவசரமாகத் தடுத்தார். "மழையில எங்களை ஏத்திக்கினு வந்ததுக்கு உங்க காரையே உடைக்கிறதா?"

பிரின்சிக்குக் கோபம் வந்தது. "யாரும் திறக்கக் கூடாதுன்னா எதுக்கு ஸ்க்ரூ போடறாங்க? கோந்து போட்டு ஒட்டியிருக்கலாமே."

சொல்லி முடித்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்த ஸ்க்ரூவையும் யாரோ ஒருவர் மாட்டித்தானே இருப்பார்? மாட்டத் தெரிந்தவருக்குக் கழற்றவும் தெரியும். அவர்கள் இருப்பது கும்மிடிப்பூண்டி. கார் பாகம் செய்கிற கம்பெனி பஸ்கள் எல்லாம் தெருமுனையில்தான் வந்து நிற்கும். ஞாயிறானாலும் ஷிஃப்ட் உண்டு.

அம்மாவின் போனில் ஸ்க்ரூவைப் படம் எடுத்தாள். இருட்டு இடுக்கு என்பதால் கலங்கலாக விழுந்தது. பெரியதா சிறியதா என்றும் படத்தில் தெரியவில்லை. லோகுவின் பொம்மை செய்யும் களிமண்ணில் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, ஸ்க்ரூவின் மேல் அழுத்தி எடுத்தாள். முதல் தடவை பிய்ந்துவிட்டது. களிமண்ணை ஃபேனுக்கு அடியில் வைத்து இறுக விட்டு, மறுபடி அழுத்தி மெதுவாக எடுத்தாள். பச்சைக் களிமண்ணில் குட்டி நட்சத்திரம் ஒன்று புடைத்து நின்றது. நடுவில் ஓட்டை.

மதியம் முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் திரும்பும் நேரத்தில், லோகுவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

முதல் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நிற்காமல் நடந்தார்கள். ஒருவர் மட்டும் அவள் கையிலிருந்த களிமண்ணைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாமா இது, விக்கிறியா?"

"இல்ல அங்கிள். இந்த ஸ்க்ரூவைக் கழட்ட டூல் வேணும்."

"நான் பெயின்ட் ஷாப்மா. பெயின்ட்னா சொல்லு, அடிச்சுத் தரேன்."

அடுத்த பஸ்ஸும் வந்து போனது. லோகுவுக்குக் கால் வலித்தது, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது பஸ்ஸிலிருந்து நீலச் சட்டை போட்ட ஓர் அக்கா இறங்கினாள். அடையாள அட்டையில் பூமிகா என்று எழுதியிருந்தது. களிமண்ணைப் பார்த்ததும் நின்றாள்.

"இதை யாரு எடுத்தது?"

"நான்தான்கா." பிரின்சி நடந்ததை எல்லாம் சொன்னாள்.

பூமிகா லோகுவைப் பார்த்தாள். அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கம்பெனி டூலை கேட்டைத் தாண்டி எடுத்துனு வர முடியாது. ஆனா என் ரூம்ல சொந்தமா ஒரு செட் இருக்கு. வா, எடுத்துனு போலாம்."

கார் அருகே வந்ததும் பூமிகா பெட்டியைத் திறந்து, டூல் முனைகளை ஒவ்வொன்றாகக் களிமண்ணோடு வைத்துப் பார்த்தாள். "இது பெருசு. இது சின்னது. ஆங், இதுதான். அளவு சரியா எடுத்திருக்க." பிறகு மாமாவிடம் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி, மின்சாரம் முழுதும் அடங்கக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"எதுக்குக்கா இப்படி ஒரு ஸ்க்ரூ?" என்று பிரின்சி கேட்டாள்.

"எங்க லைன்ல மிஷினாலதான் முடுக்குவோம். பிளஸ் ஸ்க்ரூன்னா வேகத்துல டூல் நழுவிடும். நட்சத்திரம்னா ஆறு பக்கமும் கவ்விப் பிடிச்சுக்கும்."

"அப்ப நடுவுல குமிழ்?"

"சும்மா யாரும் நோண்டக் கூடாதுன்னு. இந்த மூடிக்குக் கீழே ஏர்பேகுக்கான பெட்டி இருக்கு. தெரியாம கை வெச்சா ஆபத்து."

"எல்லாரும் சர்வீஸ் சென்டருக்கே வரட்டும்னும் இருக்கும்" என்றார் மாமா.

"அதுவும்தான் சார்" என்று பூமிகா சிரித்தாள்.

டூல் கச்சிதமாக உட்கார்ந்தது. கிரீச் என்று ஒரு சத்தம். ஸ்க்ரூ சுழன்று வந்தது. மற்ற ஸ்க்ரூக்களையும் கழற்றியபின் மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரு பழைய பேனா மூடி, வேர்க்கடலைத் தோல், அவற்றுக்கு நடுவில் கருவி. ஏர்பேகின் மஞ்சள் ஒயர்கள் மேல் படாமல் இரண்டு விரலால் அதை எடுத்து, துடைத்து, செண்பகத்திடம் கொடுத்தாள்.

செண்பகம் அதை லோகுவின் காதில் மாட்டினார். அவன் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில் "லோகு" என்றார்.

லோகு திரும்பினான்.

செண்பகம் பூமிகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பரவால்லக்கா" என்றாள் பூமிகா. "தினமும் ஸ்க்ரூ மாட்டிக்கினே இருக்கேன். அது யாரு வண்டிக்குப் போவுதுன்னே தெரியாது. இன்னிக்கு இவனைப் பார்த்ததே சந்தோஷம்." மூடியை மறுபடி பொருத்தி, ஸ்க்ரூக்களை முடுக்கினாள்.

"தேங்க்ஸ்கா" என்றாள் பிரின்சி. அந்த ஒரு சொல் போதாது என்று அவளுக்குப் பட்டது. அதனால் இன்னொரு தடவை சொன்னாள்.

பூமிகா கிளம்பினாள். லோகு அவள் அருகில் போய்த் தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டான்.

"அக்கா, உங்க வயித்துக்குள்ள இன்னாவோ கத்துது."

பூமிகாவின் முகம் சிவந்தது. செண்பகம் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க ஓடினார். பிரின்சி பூமிகாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துவந்து பாயில் உட்காரவைத்தாள்.

சூடான கல்லில் மாவு விழுந்ததும் லோகு அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

"அம்மா" என்றான் ஆச்சரியமாக, "தோசைகூடப் பேசுது."